மென்ன வெத்திலையும் மூணு பங்கு வாடகையும்

பதுளைக் கடைவீதியில என் கடைக்கு யாரும் வழி கேட்டதில்ல. மூக்கு இருந்தா போதும். ஸ்பிரிங்வெளித் தோட்டத்துல இருந்து இறங்கி வர்ற ஒத்தையடிப் பாதை கடைவீதியைத் தொடுற முனையில, ஒத்தை வாசல் வெச்ச கருவாட்டுக் கடை. நெத்தலி, கட்டா, திருக்கை எல்லாம் மட்டக்களப்புப் பக்கத்துல இருந்து பசறை வழியா மூட்டையில வந்து இறங்கும். கூடவே புகையிலை, மிளகா, உப்பு. அந்த வீதியில பொம்பளை நடத்தின கடை அது ஒண்ணுதான். கருவாட்டுக்காரின்னு முதுகுக்குப் பின்னால சொல்லுவாங்க. முன்னால சொன்னாலும் நான் கோவிச்சுக்கிட்டதில்ல. கருவாடு விக்கிறவளை வேற என்னன்னு சொல்றதாம்?

கோபம் எனக்கு வேற விஷயத்துக்கு வரும். வந்தா லேசுல போகாது. என் புருஷன் சொல்லுவாரு, "உனக்குக் கோபம் வந்தா நான் மாட்டை அவுத்துக்கிட்டு ஆத்துப் பக்கம் போயிருவேன்"னு. போயிருவாரு, சொல்லிக்கிட்டுதான் போவாரு.

நான் பொறந்தது லயத்துல. வரிசையா ஒரே கூரைக்குக் கீழ பத்துக் குடும்பம் கிடக்கிற அந்த அறைங்கள்ல ஒண்ணுல. பல்லு விழுந்து முளைக்கிற வயசுலயே பெரட்டுக்குப் போய் நின்னவ. விடியக்காலம் ஆளுங்களை வரிசையா நிக்க வெச்சு வேலை பிரிக்கிற இடம்தான் பெரட்டு. கங்காணி பேரைக் கூப்பிடுற வரைக்கும் பனியில கால் மரத்துப் போய் நிக்கணும். கூப்பிடும்போது "இருக்கேங்க"ன்னு சொல்ல ஒரு நொடி பிந்திட்டா அரை நாள் பேர், அதாவது அரை நாள் கூலி, போச்சு. ஒரு நாள் எனக்குக் காய்ச்சல். குரல் எழும்பல. பக்கத்துல நின்னவ எனக்காக "இருக்கா"ன்னு சொன்னா. ரெண்டு பேருக்கும் அரை நாள் வெட்டினான். அன்னைக்கே மனசுக்குள்ள சொல்லிக்கிட்டேன், இந்த இடத்தை விட்டுப் போற நாள் வந்தா, செத்தாலும் திரும்பி வந்து இங்க நிக்க மாட்டேன்னு.

கல்யாணம் கட்டினது வண்டிக்காரரை. ரயில் பாதை பண்டாரவளையோட முடிஞ்சு கிடந்த காலம் அது. அரிசி, துணி, மண்ணெண்ணெய் எல்லாம் அங்க இறங்கி, அங்க இருந்து மாட்டு வண்டியிலதான் பதுளைக்கு வரும். அவரு வண்டி ஓட்டி மிச்சம் பிடிச்சதுல இந்தக் கடையை வாடகைக்கு எடுத்தோம். அவரு ரோட்டுல, நான் கடையில. பின்கட்டுல ஒரு அறை, அதுலதான் குடித்தனம். அந்தக் கடை போச்சுன்னா எங்களுக்கு லயத்தை விட்டா வேற போக்கிடம் கிடையாது. இதை நீங்க மனசுல வெச்சுக்கிட்டாத்தான் நான் அப்புறம் செஞ்சதெல்லாம் உங்களுக்கு விளங்கும்.

கடையோட சொந்தக்காரர் ஒரு வயசான சிங்களவர், மாத்தயான்னுதான், அதாவது ஐயான்னு, கூப்பிடுவோம். அந்த முனையில ஏழு கடை அவருக்கு. ஊருக்கு வெளிய, ஆத்தைத் தாண்டி, வயக்காட்டு ஓரத்துல பெரிய வீடு. அந்தக் காலத்துல எங்க பக்கம் கடைக்கு உறுதியும் கிடையாது, எழுத்தும் கிடையாது. சித்திரை வருஷப் பிறப்பு அன்னைக்குக் குடியிருக்கிறவங்க நாப்பது வெத்திலை ஒரு கட்டாக் கட்டி, அது மேல முதல் மாச வாடகையை வெச்சு, ரெண்டு கையாலயும் நீட்டணும். மாத்தயா ரெண்டு கையாலயும் வாங்கிக்கிட்டா அந்த வருஷம் கடை உங்களுது. அடுத்த சித்திரை வரைக்கும் வாடகையைக் கூட்டவும் முடியாது, ஆளைக் கிளப்பவும் முடியாது. வாங்காம முகத்தைத் திருப்பிக்கிட்டா மூட்டையைக் கட்ட வேண்டியதுதான். தமிழ் ஆளு, சோனக முஸ்லிம் ஆளு, சிங்கள ஆளு எல்லாருக்கும் ஒரே நடைமுறை. அதை மீறினதா நான் கேள்விப்பட்டதே இல்ல. பதிமூணு சித்திரை நான் நீட்டினேன், பதிமூணு சித்திரையும் மாத்தயா வாங்கினாரு. வாங்கிட்டு, "உன் வெத்திலையிலயும் கருவாடு நாறுது புள்ள"ன்னு சிரிப்பாரு.

அப்புறம் தண்டவாளம் நகர ஆரம்பிச்சது.

பண்டாரவளையில இருந்து மலையைக் குடைஞ்சுக்கிட்டு, தெமோதரை வரைக்கும் வந்திருச்சு, அடுத்தது பதுளைதான்னு சேதி. அதுக்கப்புறம் ஊருல ஒருத்தனும் ஒழுங்கா வியாபாரம் பார்க்கல. நில அளவைக்காரங்க சிவப்புக் கொடி நட்ட பக்கமெல்லாம் வாடகை ஏறுச்சு. திங்கக்கிழமை மேல் பக்கம் நட்டா மேல் பக்கம் ஏறும். வியாழக்கிழமை அதைப் பிடுங்கிக் கீழ் பக்கம் நட்டா கீழ் பக்கம் ஏறும். ஆனா ஒரு கூத்தைக் கேளுங்க, பிடுங்கின பக்கம் மட்டும் இறங்காது! ஏறினது ஏறினதுதான். மாட்டுத் தொழுவத்தைப் பெருக்கி, முன்னால ரெண்டு பலகையை அடிச்சு, "ஸ்டேசன் கடை"ன்னு வாடகைக்கு விட்டவன் இருக்கான்.

என் புருஷன் அதிகம் பேசாத மனுஷன். ஆனா ரோட்டுல கிடந்தவருக்கு ஊர் ஊரா நடந்தது தெரியும். ஒரு நாள் சோத்துல கை வெச்சுக்கிட்டே சொன்னாரு: "அப்புத்தளையில இப்படித்தான் ஏறுச்சு. தண்டவாளம் அங்க நின்ன வரைக்கும் ஒரு பொட்டிக் கடைக்கு அடிதடி. பண்டாரவளைக்கு நகர்ந்ததும் பாதிக் கடையில பூட்டு. பண்டாரவளையிலயும் இப்ப அதேதான். போன வாரம் எண்ணிப் பார்த்தேன், ஒரே வரிசையில ஆறு பலகை மூடிக் கிடக்கு. ரயிலு நிக்கிற ஊருக்குத்தான் மவுசு, ரயிலு போற ஊருக்கு இல்ல."

"பதுளையோட முடியுதாமே. இதுக்கு மேல போகாதாம்," னு கேட்டேன்.

"முடியட்டும். உன்கிட்ட நெத்தலி வாங்குறவ ரயிலுலயா வர்றா?"

அந்த ஒரு கேள்வி எனக்குப் போதுமா இருந்துச்சு. என்கிட்ட வாங்குறவங்க ஸ்பிரிங்வெளியில இருந்து நடந்து வர்றவங்க. சம்பளம் போட்ட ஞாயித்துக்கிழமை, குளிச்சு முழுகி, பிள்ளையை இடுப்புல வெச்சுக்கிட்டு, பாட்டும் பேச்சுமா இறங்கி வருவாங்க. முதல்ல என்கிட்ட கருவாடு, அடுத்தாப்புல பக்கத்துத் துணிக் கடையில ஒரு சீலைத் துண்டு, அப்புறம் தேத்தண்ணி, அப்புறம் மேட்டைப் பார்த்து நடை. ரயிலு வந்தா அவங்க சம்பளத்தைத் தோட்டத்துத் துரை கூட்டப் போறாரா? இல்ல. அப்புறம் என் கடைக்கு மட்டும் எதுக்கு வாடகை கூடணும்?

மாத்தயாவோட மருமகன் வந்து நின்னப்போ இதுதான் என் மனசுல இருந்துச்சு.

பெரிய மாத்தயாவுக்கு அந்த மார்கழியில வாதம் அடிச்சு வலது பக்கம் விழுந்திருச்சு. கடைங்களைப் பார்த்துக்கிட்டவரு அவரு மருமகன். கச்சேரியில, அதாவது அரசாங்க ஆபீசுல, எழுத்து வேலை. மகளைக் கட்டிக்கிட்டு மாமனார் வீட்டோட வந்து இருக்கிற மாப்பிள்ளை. காலுல சப்பாத்து, கையில குடை, நெஞ்சுப் பையில எப்பவும் மடிச்ச கடுதாசி. தமிழ் நல்லாவே பேசுவாரு. என் கடைக்கு வெளிய நின்னு, கைக்குட்டையால மூக்கைப் பொத்திக்கிட்டுப் பேசினாரு.

"இந்தச் சித்திரையில இருந்து வெத்திலை எல்லாம் இல்ல. எழுத்துதான். வாடகை இப்ப இருக்கிறதுக்கு மூணு பங்கு. அஞ்சு வருஷத்துக்குக் கைநாட்டு வைக்கணும். முடியாட்டி, கொழும்புல இருந்து ஒரு துணி வியாபாரி இந்த முனையைக் கேட்டுக்கிட்டு இருக்கான்."

"இந்தக் கடையிலயா? துணியா?" எனக்குச் சிரிப்பு வந்திருச்சு. "தரையை முகர்ந்து பார்த்தாரா அவரு? பதிமூணு வருஷக் கருவாட்டுத் தண்ணி இறங்கின பலகை. இங்க தொங்கவிட்ட சீலையைக் கட்டிக்கிட்டு எவ கல்யாணத்துக்குப் போவா?"

"பலகையை மாத்திக்கலாம். உன் கதையைச் சொல்லு."

"வெத்திலை கொடுத்து எடுத்த கடை. வெத்திலை கொடுத்துத்தான் வெச்சுக்குவேன். மாத்தயா உசுரோடதானே இருக்காரு?"

"அவரால கையைத் தூக்க முடியாது. இப்ப நான்தான்."

"நீங்களும் அந்த வீட்டுல குடி வந்தவருதான், நானும் இந்தக் கடையில குடி வந்தவதான்," னேன். "என்ன, நான் வாடகை கொடுக்கிறேன்."

சொல்லியிருக்கக் கூடாது. வாய்க்குப் பூட்டுப் போட எனக்கு எப்பவும் தெரிஞ்சதில்ல. அவரு முகம் சிவந்து போச்சு. குடையை விரிச்சுக்கிட்டு, வெயிலும் இல்ல மழையும் இல்லாத நேரத்துல, விறுவிறுன்னு பக்கத்துக் கடைக்குள்ள போயிட்டாரு.

பக்கத்துக் கடை நானாவோடது. சோனகர், என்னை விட மூப்பு, துணி வியாபாரம். நாங்க ஒருத்தரை ஒருத்தர் கிண்டல் பண்ணாத நாளே கிடையாது. "தங்கச்சி, உன் கருவாட்டு நாத்தத்துல என் மல்லுத் துணி எல்லாம் கடலுக்குப் போயிட்டு வந்த மாதிரி இருக்கு"ம்பாரு. "அப்ப நனைச்சுப் பாக்காமலே சாயம் போகுதே, அது எப்படி நானா?"ன்னு நான் கேப்பேன். சிரிச்சு ஓயுறதுக்குள்ள அடுத்த ஆளு கடைக்கு வந்திருக்கும்.

அன்னைக்கு அவரு வெளிய வந்தப்போ கட்டை விரல்ல மை இருந்துச்சு.

"வெச்சுட்டீங்களா நானா?"

"பல்லைக் கடிச்சுக்கிட்டு வெச்சுட்டேன். நீயும் வெச்சிரு தங்கச்சி. எனக்கு எட்டு வாய். இந்த வயசுல எங்க போய்க் கடை தேடுறது?"

எனக்குப் பத்திக்கிட்டு வந்துச்சு. ஏழு கடையும் சேர்ந்து முடியாதுன்னு நின்னா அந்த ஆளு என்ன செய்வாரு? ஆறு பேரும் ஒருத்தர் பின்னால ஒருத்தரா விரலை நீட்டிட்டாங்க. அதுல நானாவும் ஒருத்தர்ங்கிறதை என்னால தாங்க முடியல. "முதுகெலும்பைக் கழட்டி வெச்சுட்டுத்தான் கடைக்கு வர்றீங்களா?"ன்னு நடுரோட்டுல கத்திட்டேன். அவரு மை விரலைத் துணியில துடைச்சுக்கிட்டே உள்ள போயிட்டாரு. அன்னையோட எங்க பேச்சு நின்னு போச்சு.

சித்திரை வருஷப் பிறப்பு வந்துச்சு. நாப்பது வெத்திலையைப் பார்த்துப் பார்த்துப் பொறுக்கினேன், ஒண்ணுலயும் ஓட்டை இல்லாம. பாக்கு, சுண்ணாம்பு எடுத்துக்கிட்டேன். பழைய வாடகை எவ்வளவோ அவ்வளவை மேல வெச்சேன். ஆத்தைத் தாண்டி நடந்து போனேன்.

வீட்டு முத்தத்துல ஆளுங்க வரிசையா வந்துக்கிட்டு இருந்தாங்க. வயக்காட்டு ஆளுங்க, சொந்தக்காரங்க, கையில எல்லாம் வெத்திலை. அன்னைக்கு வெத்திலையோட வர்ற யாரையும் திருப்பி அனுப்பக் கூடாது, அது அவங்க வழக்கம். மருமகனுக்கு அது என்னை விட நல்லாத் தெரியும். அதனால போன்னு சொல்லல. "மாத்தயா தூங்குறாரு. அப்புறம் பார்க்கலாம். அங்க இரு"ன்னு பலா மரத்தடியைக் காட்டினாரு. இருந்தேன். பத்துப் பேர் உள்ள போனாங்க, வெளிய வந்தாங்க. "இப்பதான் கஞ்சி குடிச்சாரு, இரு"ன்னாரு. இருந்தேன். இன்னும் பத்துப் பேர் போய் வந்தாங்க. வெத்திலை வாடாம இருக்க முந்தானையை நனைச்சு மூடிக்கிட்டேன். எனக்குப் பின்னால வந்தவங்க எல்லாம் பலகாரம் தின்னு கை கழுவிட்டுப் போறாங்க. நான் மரத்தடியிலயே கிடக்கேன். அவமானமா இருந்துச்சு. எந்திரிச்சுப் போயிரலாமான்னு ஒரு நேரம் தோணத்தான் செஞ்சுச்சு. போனா நாளைக்கே மூட்டை. மூட்டையோட லயம். லயத்தோட பெரட்டு. "இருக்கேங்க"ன்னு சொல்லி நிக்கணும். மாட்டேன். மரம் விழுந்தாலும் எந்திரிக்க மாட்டேன்னு உக்காந்திருந்தேன்.

வெயில் சாயுற நேரம் மாத்தயாவோட சம்சாரம் ஏதோ வேலையா வெளிய வந்தாங்க. வெள்ளைச் சீலை, நரைச்ச தலை. என்னைப் பார்த்து, எப்ப வந்தேன்னு கேட்டாங்க. "காலையிலயே வந்துட்டேன் அம்மா"ன்னேன். அவங்க மருமகனைத் திரும்பிப் பார்த்த பார்வை இருக்கே, அதுக்கு மேல நான் திட்டியிருந்தாலும் அவருக்கு உறைச்சிருக்காது. வருஷப் பிறப்பு அன்னைக்கு வெத்திலையோட வந்தவளை வெயில்ல உக்கார வெச்சிருக்கியான்னு சிங்களத்துல ஒரே அதட்டு. என்னைக் கையைப் பிடிச்சு உள்ள கூட்டிக்கிட்டுப் போனாங்க.

மாத்தயா கட்டில்ல சாஞ்சு கிடந்தாரு. வாய் கொஞ்சம் கோணியிருந்துச்சு. பேச்சு இல்ல. ஆனா கண்ணு பழைய கண்ணுதான், என்னைப் பார்த்ததும் மினுங்குச்சு. மத்தவங்க கொண்டுவந்த வெத்திலை எல்லாம் பக்கத்துல ஒரு தட்டுல குவிஞ்சு கிடந்துச்சு. அது கும்புடு வெத்திலை. தட்டுல வெச்சாப் போதும். என்னோடது கடை வெத்திலை. அதைக் கையில வாங்கணும்.

நான் ரெண்டு கையாலயும் நீட்டினேன். மருமகன் பின்னால வந்து நின்னாரு. "கை வராது. பார்த்துக்க. வாங்க முடியாது. வாங்காட்டி வாங்கலைன்னுதான் அர்த்தம்," னாரு. மாத்தயா வலது கையைத் தூக்கப் பார்த்தாரு. தோள் அசைஞ்சுச்சு, கை அசையல. இடது கை வரும். ஆனா ஒத்தை இடது கையால வாங்கினா அது அவமரியாதை, வாங்கினதாவே கணக்கில்ல. அவரு இடது கை விரிப்பைப் பிறாண்டிக்கிட்டு இருந்துச்சு. அந்த மனுஷனுக்கு வாங்கணும்னு இருக்கு, முடியல. எனக்கு அழுகை வந்திருச்சு. கடைக்காகவா, அந்தக் கையைப் பார்த்ததாலயான்னு இன்னைக்கும் எனக்குச் சொல்லத் தெரியல.

அப்பதான் எனக்குத் தோணுச்சு. கட்டைப் பிரிச்சேன். மேல இருந்த கொழுந்து வெத்திலையை எடுத்து, காம்பைக் கிள்ளி, சுண்ணாம்பு தடவி, பாக்கை நுணுக்கி வெச்சு மடிச்சேன். "கை வேணாம் மாத்தயா. எனக்குக் கடை உண்டுன்னா, இதை மெல்லுங்க. இல்லைன்னா துப்பிருங்க. நான் போயிர்றேன்."

"ஏய், அவருக்கு ஆகாது!"ன்னு மருமகன் பாய்ஞ்சாரு. அம்மா ஒரு கையை நீட்டித் தடுத்தாங்க.

மாத்தயா வாயைத் திறந்தாரு. வெச்சேன். மென்னாரு. நல்லா இருந்த பக்கத்துப் பல்லால, மெதுவா, மருமகனைப் பார்த்துக்கிட்டே மென்னாரு. சிவப்புச் சாறு கோணின வாய் வழியா தாடையில இறங்கி வெள்ளைச் சட்டையில சொட்டுச்சு. ஒரு சொட்டு கூட அவரு துப்பல.

நான் காலைத் தொட்டுக் கும்பிட்டுட்டு வெளிய வந்தேன்.

மருமகன் சும்மா விடல. மென்னது வாங்கினது ஆகாதுன்னு கடைவீதி முழுக்கச் சொல்லிக்கிட்டுத் திரிஞ்சாரு. வீதியில மூத்த வியாபாரிங்க தேத்தண்ணிக் கடையில கூடிப் பேசினாங்க. நானும் போய் நின்னேன். எல்லாரும் விரல் மையை மறைச்சுக்கிட்டு இருந்தவங்க. அப்ப ஒரு குரல் கேட்டுச்சு: "கையில வாங்கினதைக் கீழ போடலாம். தின்னதை எங்க போடுறது? அவரு ஏத்துக்கிட்டாரு. அவ்வளவுதான்." பார்த்தா நானா. என்னைப் பார்க்காமலே சொன்னாரு, சொல்லிட்டு எந்திரிச்சுப் போயிட்டாரு. அதுக்கப்புறம் ஒவ்வொருத்தரா ஆமாம்னாங்க. நான் அவருகிட்ட ஒரு நன்றி சொன்னேனான்னா, இல்ல. நாக்கு வரல. அந்த ரோசம் என்னை எங்க கொண்டு போய் விட்டிருக்கும்னு இப்ப நினைச்சாக் கூட வெக்கமா இருக்கு.

அடுத்த வாரம் மருமகன் ரெண்டு ஆளை அனுப்பி என் கடைக் கதவுப் பலகைங்களைக் கழட்டிக்கிட்டுப் போயிட்டாரு. கடைதான் உனக்கு, பலகை கட்டடத்தோடதாம். சரின்னேன். கருவாட்டை எந்தத் திருடன் தூக்கப் போறான்? பூனைதான் பயம். என் புருஷன் வண்டியைக் கொண்டாந்து வாசலுக்குக் குறுக்க நிறுத்தி, கோணியைக் கட்டி மறைச்சாரு. பகல்ல வண்டியைத் தள்ளி வெச்சுட்டு வியாபாரம். அவரு ரோட்டுல இருக்கிற ராத்திரி நான் வாசல்லயே பாயைப் போட்டுக்குவேன். அந்த வருஷம் முழுக்க எங்களுக்கு வண்டிதான் கதவு.

அந்த வருஷத்துக்குள்ளேயே மாத்தயா கண்ணை மூடிட்டாரு. ரயிலும் வந்திருச்சு. ஸ்டேசன் எங்க வந்துச்சுன்னு கேளுங்க. எங்க முனையில இல்ல, ஊருக்கு அந்தக் கோடியில! ரயிலு வந்த அன்னைக்கு ஊரே அங்கதான். கொழும்புத் துணி வியாபாரி எங்க முனைப் பக்கம் எட்டிக் கூடப் பார்க்கல. நேரா ஸ்டேசன் ரோட்டுல ஒண்ணைப் பிடிச்சுட்டான். என் புருஷனுக்கு வண்டி வேலை நின்னு போச்சு. மாடு ரெண்டையும் வித்துட்டு, வண்டியை மட்டும் கதவுக்கு வெச்சுக்கிட்டாரு. அப்புறம் என்கூடக் கடையில உக்காந்து கருவாடு நிறுத்தாரு. கடை மட்டும் இல்லாட்டி அந்த வருஷமே நாங்க மேட்டைப் பார்த்து நடந்திருப்போம்.

எங்க முனையில வியாபாரம் குறையல, கூடவும் இல்ல. ஞாயித்துக்கிழமை ஸ்பிரிங்வெளி ஆளுங்க எப்பவும் போல இறங்கினாங்க, எப்பவும் போல வாங்கினாங்க. நான் பழைய வாடகை கொடுத்தேன், தாக்குப் பிடிச்சேன். கைநாட்டு வெச்சவங்களுக்கு அதே வியாபாரம், மூணு பங்கு வாடகை. அஞ்சு பேர் ஒருத்தர் பின்னால ஒருத்தரா பலகையை இழுத்து மூடிட்டுச் சொல்லாமக் கொள்ளாமப் போயிட்டாங்க. ஏழுல மிச்சம் நானும் நானாவும். அவரு கடையில தட்டு ஒவ்வொண்ணாக் காலியாகுறது எனக்குத் தெரியும். ஒட்டுச் சுவருதானே. துணியை விரிச்சுக் காட்டுற சத்தம் குறைஞ்சுக்கிட்டே வந்துச்சு.

மறு சித்திரை வந்துச்சு. வெத்திலையை வாங்கிக்க மாத்தயா இல்ல. வருஷப் பிறப்பு கழிஞ்ச மறுநாள் மருமகன் வந்தாரு, கையில கடுதாசியோட. முந்தின வருஷத்து மிடுக்கு இல்ல.

"ரெண்டு பங்கு போதும். கைநாட்டு வை."

"ரெண்டு பங்கா? போங்கய்யா, பூனைக்கு வாடகைக்கு விடுங்க," னேன்.

அங்கயும் இங்கயும் பார்த்தாரு. அஞ்சு கடை மூடிக் கிடக்கு. மாமியார் மாசா மாசம் கடை வாடகை எங்கன்னு கேக்குறாங்கன்னு ஊருக்கே தெரியும். "சரி, பழைய வாடகை. பலகையையும் அனுப்புறேன். வை."

நான் கேட்டதெல்லாம் அதுதான். அதுக்குத்தான் மரத்தடியில கிடந்தேன். என் புருஷன் தராசைக் கீழ வெச்சுட்டு என்னைப் பார்த்தாரு, வாங்கிக்கன்னு கண்ணாலயே சொன்னாரு. அந்த நேரம் பக்கத்துல கயிறு இழுக்கிற சத்தம் கேட்டுச்சு. நானா மூட்டை கட்டுறாரு.

"வைக்கிறேன்," னேன். "முதல்ல நானா எழுதிக் கொடுத்த கடுதாசியைக் கிழிங்க. அவருக்கும் பழைய வாடகை."

"அவனுக்கும் உனக்கும் என்ன?"

"கருவாடு வாங்க வர்றவ துணியும் வாங்குறா. துணி வாங்க வர்றவ கருவாடும் வாங்குறா. அந்தக் கடை மூடினா என் கடை பாதி மூடின மாதிரி. ரெண்டும் திறந்திருந்தாத்தான் நாளைக்கு மிச்ச அஞ்சுக்கும் ஆளு வருவான்."

"அஞ்சு வருஷத்துக்குக் கைநாட்டு வெச்சிருக்கான். கிழிக்க முடியாது. உனக்கு வேணுமா வேணாமா? இல்லைன்னா ரெண்டு பேரும் வெளிய போங்க."

பயமா இருந்துச்சு. இல்லைன்னு பொய் சொல்ல மாட்டேன். பெரட்டு வரிசை கண்ணு முன்னால வந்து நின்னுச்சு. என் புருஷன் மூஞ்சியை நான் பார்க்கல, பார்த்திருந்தா விரலை நீட்டியிருப்பேன். நெத்தலிக் கூடையைத் தூக்கி வெளிய, ரோட்டு ஓரத்துல வெச்சேன். ரெண்டாவது திருக்கைக் கூடை. "வண்டியை எடுங்க"ன்னு அவருகிட்ட சொன்னேன். அந்த மனுஷன் எந்திரிச்சு, நுகத்தடியைப் பிடிச்சாரு.

"பொறு, பொறு," னாரு மருமகன்.

உறுதி எழுதுற நொத்தாரிசுக்குக் கொடுக்கிற காசை மிச்சம் பிடிக்க அவரு தன் கையாலயே எழுதின முத்திரைக் கடுதாசி அது. ஒரே பிரதி. நெஞ்சுப் பையில இருந்து எடுத்தாரு. நானா வாசல்ல வந்து நின்னாரு, கையில பாதி கட்டின கயிறு. மருமகன் எங்க மூணு பேரையும் ஒருத்தர் மாத்தி ஒருத்தரா பார்த்தாரு. அப்புறம் அதை நீள வாக்குல ரெண்டாக் கிழிச்சு என் கடைத் தரையில விட்டெறிஞ்சாரு.

நானா என்னைப் பார்த்தாரு. ஒரு வருஷத்துக்கு அப்புறம் பேசின முதல் வார்த்தை: "கூடையை உள்ள எடு தங்கச்சி, நாத்தம் தாங்கல."

அதே நேரம் ஸ்பிரிங்வெளிப் பாதையில ஒரு பொண்ணு இறங்கி வந்து, "அக்கா, நெத்தலி அரை றாத்தல் தாங்க"ன்னா. நிறுத்தேன். கீழ கிடந்த கடுதாசியை எடுத்தேன். நல்ல தடிச்ச கடுதாசி. முத்திரை வெளிய தெரியுற மாதிரி மடிச்சுக் கட்டி, அவரு பார்த்துக்கிட்டு நிக்கும்போதே அவ கையில கொடுத்தேன்.